பொங்கல் லீவில் பார்த்த பச்சையை நம்பி நிலம் வாங்காதீர்கள்

சென்னையிலிருந்து ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் விவசாய நிலம் தேடிப் போகிறவர்கள் பலரும் பொங்கல் விடுமுறையில்தான் போகிறார்கள். முதல் தவறு அதுதான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்திருக்கும். கண்மாயில் தண்ணீர் கிடக்கும், கிணறு மேலே நிற்கும், வரப்பெல்லாம் பச்சை. ஜனவரியில் எந்த நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும். அதையே மே கடைசியில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, நின்றால் மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்பதை அங்கேயே நின்று கவனிக்க வேண்டும். "அம்பது அடியில தண்ணி சார்" என்று தரகர் சொன்னால், எந்த மாதத்துக் கணக்கு என்று கேளுங்கள்.

மழைக் கணக்கிலும் இப்படித்தான். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. வரை பெய்கிறது, ராமநாதபுரத்தில் 800 மி.மீ.யை ஒட்டித்தான். ஆனால் பயிரைக் காப்பது சராசரி இல்லை. இரண்டு புயலில் பாதி மழை கொட்டிவிட்டு, நடுவில் மூன்று வாரம் சொட்டு இல்லாமல் போனாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த வருஷம் இந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான கேள்வி இல்லை.

அடுத்தது மண். மேலே ஒரு கைப்பிடி அள்ளி, "கரிசல்தானே, எது போட்டாலும் வரும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆழமான கரிசல் மழை நின்ற பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு அடிக் கரிசலுக்குக் கீழே சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) படிந்திருந்தால் அந்தப் பேச்சே வேறு. வேர் இறங்காது, எலுமிச்சை இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்து நிற்கும். மரப்பயிர் வைக்கிற எண்ணம் இருந்தால் மூன்று அடிக் குழி வெட்டி, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பருவப் பயிருக்கு அரை அடி ஆழம் போதும், ஆனால் ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. வயல் முழுக்கப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவத்தில் வெட்டி எடுத்து, கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் வேண்டாம்.

களர், அதாவது சோடியம் மிகுந்த மண் என்ற சந்தேகம் இருந்தால் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காய்ந்த சின்ன மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிக் கலங்கல் பரவி, அது தெளியாமல் நின்றால், களராக இருக்கலாம். உப்புத் தண்ணீரில் இது சரியாகத் தெரியாது. அதனால் வீட்டு போர் தண்ணீர் வேண்டாம். மழைத் தண்ணீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது.

களரையும் உவரையும் (உப்பு மிகுந்த மண்) ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. களருக்கு ஜிப்சம் இட்டுத் தண்ணீர் தேக்கி வடிக்கலாம். உவர் நிலத்தில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. நல்ல தண்ணீரால் உப்பைக் கரைத்து வடித்தாக வேண்டும். அந்த நல்ல தண்ணீர் ஊரிலேயே இல்லையென்றால்? அதனால்தான் மண்ணோடு சேர்த்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கச் சொல்கிறேன். உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி தானாக முளைத்துக் கிடக்கும் இடத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

புதிதாக போர் போட்டுக்கொள்ளலாம் என்ற தெம்பில் வாங்குகிறவர்கள், முதலில் அந்த பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) எந்த வகையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தடி நீரை ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சும் பிர்காக்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அலுவலகம் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில்தான் இருக்கிறது. நிலம் பார்க்க ஐநூறு கிலோமீட்டர் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறமும் பலர் சறுக்குவது ஏக்கர் கணக்கில். நிலம் பொதுவாக நல்லதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தப் பயிருக்கு, எவ்வளவு தண்ணீருக்கு என்று கேட்க வேண்டும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். கோடையில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. என்று வைத்தாலே 20,000 லிட்டர், அதாவது நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரிக்கு மேல், தினமும். மே மாதத்தில் கிணறு நாளுக்கு 40,000 லிட்டர்தான் தருகிறது என்றால், பத்து ஏக்கர் வாங்கினாலும் கோடை இறவை (தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் சாகுபடி) இரண்டு ஏக்கருக்குத்தான். மீதி எட்டு ஏக்கரில் மழையை நம்பிக் குதிரைவாலி, கம்பு, உளுந்து விதைக்கலாம். விலை பேசும்போதும் இரண்டு ஏக்கர் இறவை, எட்டு ஏக்கர் மானாவாரி என்றே பேசுங்கள்.