கோபே பிசினஸ் ஹோட்டலில் தங்குவது எப்படி: தடா, சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஜப்பான் கம்பெனிகள் வந்த பிறகு தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் போய் வருகிறவர்கள் உண்டு. டிக்கெட்டும் ரூமும் கம்பெனியே போட்டுவிடும். ரூமுக்குள் எப்படி இருப்பது என்றுதான் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இங்கே கோபே துறைமுக நகரை வைத்துச் சொல்கிறோம். ஒசாகா, யோகோஹாமா, ஹகாட்டா எங்கே போனாலும் ரூம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

முதலில் அளவு. ஒற்றை அறை என்றால் 11 முதல் 15 சதுர மீட்டர். நம் கணக்கில் 120 முதல் 160 சதுர அடி, குளியலறையும் சேர்த்து. பெரிய சூட்கேஸைத் தரையில் விரித்தால் நடக்க வழியிருக்காது. ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி கொண்டு போகாதீர்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது போதும். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும்.

ரூமை நீங்களே பதிவு செய்வதானால் மூன்று விஷயம் பாருங்கள். ஜப்பானியத் தளங்கள் பலவற்றில் காட்டும் விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. ‘செமி டபுள்’ என்பது 120 முதல் 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே கட்டில்; கூட வேலை செய்கிற இரண்டு ஆண்கள் அதில் ஒரு வாரம் படுக்க முடியாது, தனித்தனியாக இரண்டு கட்டில் உள்ள ‘ட்வின்’ கேளுங்கள். மூன்றாவது, புகை. பட்டியலில் மலிவாக முதலில் வருவது பல நேரம் புகை பிடிக்கும் அறையாக இருக்கும். அந்த நாற்றம் திரைச்சீலையில் ஊறிப்போயிருக்கும், ஜன்னலும் முழுதாகத் திறக்காது. ‘கின்என்’ என்றால் புகை கூடாத அறை, ‘கித்ஸுஎன்’ என்றால் புகை பிடிக்கும் அறை.

இடம் என்றால் கோபேயின் மையப் பகுதியான சன்னோமியா. ஜேஆர், ஹான்க்யூ, ஹான்ஷின் கம்பெனிகளின் ரயில்கள், சுரங்க ரயில், விமான நிலையம் போகும் போர்ட் லைனர் ரயில் எல்லாம் அங்கே சேர்கின்றன. புல்லட் ரயில் நிற்பது ஷின்கோபேயில்; சுரங்க ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். கோபேயில் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று சொல்வது குறைவு. ‘யாமா கவா’, ‘உமி கவா’ என்பார்கள்: மலைப்பக்கம், கடல்பக்கம். ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடப்பதால் மேடு ஏறினால் மலைப்பக்கம், இறங்கினால் கடல்பக்கம். ஹோட்டல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் ஸ்டேஷனில் சரியான வாசல் வழியாக வெளியே வரலாம். தப்பான வாசலில் வந்து பெட்டியோடு தண்டவாளத்தைச் சுற்றி நடப்பதுதான் முதல் நாள் அலுப்பு.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து சன்னோமியாவுக்கு நேர் பஸ் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பெட்டியை அவர்களே அடியில் ஏற்றி டோக்கன் தருவார்கள். கடல் வழியாக வேகப்படகும் உண்டு. அரை மணியில் கோபே விமான நிலையம், அங்கிருந்து போர்ட் லைனரில் 18 நிமிடம். சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் போகிறவர்கள் பலர் காலையிலேயே இறங்கிவிடுவார்கள். ஹோட்டலில் ரூம் தருவதோ மதியம் 3 மணிக்கு, சில இடத்தில் 4. முன்கூட்டிக் கேட்டுப் பயனில்லை, ரூம் காலியாக இருந்தாலும் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆனால் பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வார்கள். ‘நிமொட்ஸு ஓ அஸுகத்தே குதசாய்’ என்று சொன்னால் போதும். மாத்திரை, பாஸ்போர்ட், மாற்று உடை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். ராத்திரி தாமதமாகப் போவதானால் வரும் நேரத்தை முன்பே தெரிவியுங்கள். சொன்ன நேரம் கடந்து நெடுநேரம் ஆளைக் காணோம் என்றால் வரவில்லை என்று எழுதி ரூமை விட்டுவிடக்கூடும்.

வரவேற்பு மேஜையில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுப்பார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டாருக்கு அது அரசு விதி. மேலே போகும் முன் லாபியைச் சுற்றிப் பாருங்கள். சீப்பு, ரேசர், டீத்தூள் பை எல்லாம் தட்டுகளில் இருக்கும், வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக்கைக் குறைக்க 2022 ஏப்ரலில் சட்டம் வந்ததிலிருந்து பல ஹோட்டல்கள் இவற்றை ரூமுக்குள் வைப்பதில்லை.

குளியலறை

நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ‘யூனிட் பாத்’ என்பார்கள். தரை, சுவர், தொட்டி எல்லாம் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய பெட்டி. வாசலில் அரையடி மேடு இருக்கும்; ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் விரல் இடிக்கும்.

குளிப்பது தொட்டிக்குள் நின்றுதான். திரையின் அடி ஓரத்தைத் தொட்டிக்கு உள்பக்கம் விட வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் திரை வழியாக வழிந்து டாய்லெட் பக்கத் தரைக்கு வரும். அங்கே இருக்கும் வடிகால் சின்னது, கொஞ்சம் முடி அடைத்தாலே நின்றுவிடும். அடுத்தது மேடு தாண்டி கார்ப்பெட், அதற்கும் அடுத்தது கீழ்மாடிக் கூரை. வாளி, சொம்பு இருக்காது. மொண்டு குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பவர்கள் ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, தொட்டியில் பாதி நிரப்பி, தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

குழாயில் இரண்டு கைப்பிடி இருக்கும். ஒன்று சூட்டைத் தீர்மானிப்பது, அதில் எண்கள் போட்டிருக்கும். 40-இல் நின்றுவிடும், அதற்கு மேல் வேண்டுமானால் சின்னப் பொத்தானை அழுத்தியபடி திருப்ப வேண்டும். அந்தத் தடை கை வெந்துபோகாமல் இருக்கத்தான். இன்னொன்று தண்ணீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ அனுப்புவது. பழைய ஹோட்டல்களில் வாஷ்பேசினுக்கும் தொட்டிக்கும் ஒரே நீண்ட குழாய், இருபுறமும் திருப்பலாம். குளித்து முடித்தவர் கைப்பிடியை ஷவரிலேயே விட்டுவிட்டால், காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறக்கும்போது ஷவர் கொட்டி ஆபீஸ் சட்டை நனையும். குளித்ததும் கீழ்க்குழாய்க்குத் திருப்பி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

வெந்நீர்க் குளியலுக்குக் கதவைத் திறந்து போடாதீர்கள். ஆவி ரூமுக்குள் போய்த் தீ உணர்கருவியில் பட்டால் மணி அடித்துவிடும்.

டாய்லெட்டில் கழுவிக்கொள்ள வசதி இருக்கிறது, அதனால் கவலை வேண்டாம். ‘ஒஷிரி’ பின்பக்கம் கழுவ, ‘பிடே’ பெண்களுக்கு முன்பக்கம். நிறுத்தும் பொத்தானில் சதுரக் குறி இருக்கும்; 2017-இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கூடி இந்தப் படக்குறிகளை ஒரே மாதிரி ஆக்கினார்கள், அதற்கு முந்தைய மாடல்களில் வேறாக இருக்கலாம். சீட்டில் எடை பட்டால்தான் தண்ணீர் வரும். மேலே ஏறிக் குந்தி உட்கார்ந்தால் தண்ணீர் வராது, சீட்டும் உடையும், பணமும் கட்ட வேண்டியிருக்கும். டாய்லெட் பேப்பரை உள்ளேயே போட்டுத் தண்ணீர் விடலாம், அது கரையும். ஈரத் துடைப்பான் கரையாது, போடக்கூடாது.

கரண்ட்

ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. பிளக் இரண்டு தட்டைத் தகடு. நம் உருண்டை மூன்று பின் நுழையாது. அடாப்டரைச் சென்னை ரிச்சி தெருவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போன், லேப்டாப் சார்ஜரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் அப்படியே போடலாம். எர்த் இல்லாததால் உலோக லேப்டாப்பைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்னும்.

ரைஸ் குக்கரைக் கொண்டு போகாதீர்கள். சூடாக்கும் கருவியில் வோல்ட் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 700 வாட் குக்கர் அங்கே 130 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அரிசி வேகாது, வெதுவெதுப்பில் ஊறிப் புளிக்கும். அங்கேயே ஒன்று வாங்கிச் சமைக்கலாமென்றால் ரூமில் சமையல் தடை, ஆவிக்கு மணி அடிக்கும். ஊருக்குப் பரிசாக வாங்கி வருகிறவர்களும் கவனியுங்கள்: 100 வோல்ட் குக்கரை இங்கே செருகினால் ஐந்து மடங்கு மின்சாரம் இழுத்து நொடியில் கருகும். 220–240 வோல்ட் மாடல், வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் கடைகளில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். அட்டையை உருவிக்கொண்டு போனால் சில சாக்கெட்டும் அணைந்துவிடும். எது அணையாமல் இருக்கிறதென்று முதல் நாளே பார்த்து, சார்ஜரை அதில் போடுங்கள். ஃபிரிட்ஜ் பல இடங்களில் அணைத்தே வைத்திருப்பார்கள், உள்ளே அல்லது பக்கவாட்டில் ஸ்விட்ச் இருக்கும். அதைப் பார்க்காமல் தயிரை வைத்தால் காலையில் புளித்துக் கிடக்கும்.

சாப்பாடு

கோழி ஊறுகாய், மட்டன் ஊறுகாய் எடுக்கவே எடுக்காதீர்கள். நம் ஆந்திர எல்லைப் பக்கம் வழியனுப்ப வரும் உறவுக்காரர்கள் ஆசையாகக் கொடுப்பது அதுதான். இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள், சீல் வைத்த பாட்டில் ஆனாலும் சரி, தண்டனையும் கடுமை. பச்சைக் கறிவேப்பிலை, மிளகாய், மாங்காயும் கூடாது. கடையில் சீல் வைத்து விற்கும் கோங்குரா, ஆவக்காய், பப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி வகைகளில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. எண்ணெய் ஊறுகாயை இரண்டு கவரில் கட்டி, செக்-இன் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

சோறு எளிது. கன்வீனியன்ஸ் கடை எதிலும் 200 கிராம் வெந்த சோறு டப்பா கிடைக்கும். மேல் தாளைப் புள்ளிக்கோடு வரை பிரித்து, 500 வாட் மைக்ரோவேவில் 2 நிமிடம். மைக்ரோவேவ் பெரும்பாலும் ரூமில் இருக்காது. லாபியில் அல்லது விற்பனை இயந்திரங்கள் இருக்கும் மாடியில் இருக்கும். தயிர், 400 கிராம் டப்பா, சர்க்கரை சேர்க்காதது: ‘முதோ’ என்று கேளுங்கள். அந்த அரிசி ஒட்டும் தன்மை உள்ளது. தயிர் சாதத்துக்கு அருமையாகப் பிடிக்கும். பொடி போட்டுப் பிசைய வேண்டுமானால் சூடாக இருக்கும்போதே உதிர்த்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும், ஆறினால் கட்டி கட்டியாக நிற்கும். உப்புப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கட்டும்.

ரூமிலிருக்கும் கெட்டிலில் தண்ணீர் மட்டும். பால் ஊற்றினால் அடி பிடிக்கும். நூடுல்ஸ், முட்டை போட்டால் நாற்றம் போகாது, அடுத்து வருபவரும் அதில்தான் டீ போடுவார். தண்ணீர் குழாயிலிருந்தே குடிக்கலாம்.

காலை உணவில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிசோ சூப் பார்க்க ரசம் மாதிரி இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் கட்சுஓ மீன் துருவலைக் கொதிக்கவைத்த நீரில் செய்வது. வேகவைத்த காய்கறியும் பல நேரம் அதே நீரில்தான். வெறும் சோறு, ரொட்டி, சாலட், பழம் எடுத்துக்கொள்ளலாம். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கும் முட்டை பெரும்பாலும் பச்சை முட்டை. சூடான சோற்றில் உடைத்து ஊற்றிச் சாப்பிட வைத்திருப்பது. அவித்ததென்று நினைத்து மேஜையில் தட்டினால் சட்டையெல்லாம் மஞ்சள். தட்டில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்: ஒரே சீராகச் சுற்றினால் அவித்தது, தள்ளாடினால் பச்சை.

பருப்பு, மசாலா வேண்டுமானால் சன்னோமியாவிலிருந்து மலைப்பக்கம் ஏறி கிதானோ போங்கள். 1935-இல் கட்டிய பள்ளிவாசலும், 1985-இல் வந்த ஜைனக் கோயிலும் அந்தப் பகுதியில்தான். இந்திய உணவகங்களும் ஹலால் கடைகளும் அவற்றை ஒட்டியே இருக்கின்றன. 1923 பூகம்பத்தில் யோகோஹாமா அழிந்தபோது அங்கிருந்த இந்திய வியாபாரிகள் பலர் கோபேக்கு இடம் மாறினார்கள். நூறு வருட உறவு அது.

சின்னச் சின்னக் கவனங்கள்

தேங்காயெண்ணெய் தேய்க்கிறவர்கள் தலையணை மேல் சொந்தத் துண்டை விரியுங்கள். மஞ்சள், குங்குமக் கறை ஹோட்டல் துண்டில் போகாது, அதற்குப் பணம் கேட்கலாம். ஊதுபத்தி, கற்பூரம் வேண்டாம். சாமி படத்துக்குப் பூவும் விபூதியும் போதும்.

சுவர் மெல்லியது. அவர்கள் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னே. தடாவில் வீட்டில் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 12.30. ஸ்பீக்கரில் பேசினால் பக்கத்து ரூம்காரர் வரவேற்புக்குப் போன் செய்வார். சாயங்காலம் 5.30-க்கே கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அங்கே 9 மணிதான் ஆகியிருக்கும்.

துணி துவைக்கக் காசு இயந்திரம் இருக்கும். 100 யென் நாணயம் சேர்த்து வையுங்கள். உலர்த்தும் இயந்திரம் ஒரு நாணயத்துக்கு இருபது, முப்பது நிமிடம் ஓடும். பருத்தி லுங்கிக்கும் ஜீன்ஸுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

கோபே 1995 ஜனவரி 17 விடியலில் பூகம்பத்தில் சிதைந்த ஊர், இதை லேசாக எண்ணாதீர்கள். கட்டில் அருகே சுவரில் டார்ச் மாட்டியிருக்கும், உருவினாலே எரியும். ஜன்னலில் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது தீயணைப்பு வீரர்கள் நுழையும் வழி, அதன் முன் பெட்டியை அடுக்கக்கூடாது. கதவின் உள்பக்கம் வெளியேறும் வரைபடம் இருக்கும். முதல் ராத்திரியே அந்தப் படிக்கட்டு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். குலுங்கினால் லிஃப்டில் ஏறாதீர்கள்.

கம்பெனியில் பணம் வாங்க ரசீது வேண்டுமென்றால் ‘ரியோஷூஷோ’ கேளுங்கள். யார் பேருக்கு என்பார்கள், கம்பெனிப் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆன்லைனில் முன்பே கட்டியிருந்தால் ஹோட்டல் தராது, பதிவு செய்த தளத்தில்தான் எடுக்க வேண்டும்.

காலி செய்யும் நேரம் காலை 10 அல்லது 11. நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவென்று கணக்குப் போடுவார்கள். சாவியை வரவேற்பிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். டிப்ஸ் வைக்க வேண்டாம். மேஜையில் விட்ட பணத்தை மறந்துபோனதாக நினைத்து எடுத்து வைத்திருப்பார்கள். கிளம்பும் முன் கட்டில் தலைமாட்டுச் சாக்கெட்டையும், மைக்ரோவேவ் பக்கத்தில் விட்ட ஊறுகாய் பாட்டிலையும், ஃபிரிட்ஜில் மிஞ்சிய தயிரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.