பார்ட்னர்ஷிப் வரி ஆட்சேபத்தில் இன்னொரு கூட்டாளியைச் சேர்ப்பது: என் அனுபவம்

சிங்கப்பூர் தேக்காவில் இருவர் சேர்ந்து நடத்தும் கடை. லாபக் கணக்கில் தவறு. ஒருவர் ஆட்சேபக் கடிதத்தில் மற்றவர் பெயரையும் எழுதிவிட்டால் இருவருக்கும் பொருந்தும் என்று நினைத்தோம். பொருந்தாது. சிங்கப்பூரில் பார்ட்னர்ஷிப்புக்கென்று தனி வருமான வரி கிடையாது. அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில் மதிப்பீட்டு நோட்டீஸ் (எவ்வளவு வரி என்று சொல்லும் கடிதம்) வரும். அதனால் ஆட்சேபமும் தனித்தனிதான்.

சரிசெய்த விதம்: மற்றவர் தம் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக வரித்துறையின் மைடாக்ஸ் போர்ட்டலில் நுழைந்து தம் நோட்டீஸுக்குத் தனியாக ஆட்சேபம் போட்டார். தனிநபருக்குக் கெடு 30 நாள். நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும், கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடையின் மொத்தக் கணக்கே தவறென்றால் ஆட்சேபம் மட்டும் போதாது. முதன்மைக் கூட்டாளி (கடையின் சார்பில் பார்ட்னர்ஷிப் படிவத்தைத் தாக்கல் செய்பவர்) அந்தப் படிவத்தின் திருத்திய கணக்கையும் வரித்துறையான ஐராஸுக்குத் தர வேண்டும். இரண்டு ஆட்சேபங்களிலும் அதே எண்களே இருக்கட்டும். பத்து வெள்ளி வித்தியாசம்கூடக் கேள்வியைக் கிளப்பும்.

ஆட்சேபம் போட்டாலும் வரியை நோட்டீஸ் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் 5 விழுக்காடு அபராதம். ஜைரோ தவணை (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தவணை) இருந்தால் அதன்படி கட்டலாம்.

மதிப்பீட்டை மாற்ற முடியாது என்று ஐராஸிடமிருந்து திருத்த மறுப்பு நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் வருமான வரி மறுஆய்வு வாரியத்தில் மேல்முறையீட்டு அறிவிப்பு, அதிலிருந்து 30 நாளுக்குள் மனு. மதிப்பீடு அதிகம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. ரசீதுகளை இருவரும் ஆளுக்கொரு செட் வைத்துக்கொள்ளுங்கள்.