பரணில் கிடைத்த டிவி கேம்: முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தவறுகள்

குளச்சலில் சொந்தக்காரர் வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. சித்தப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே பழைய கைலியில் சுற்றிய டிவி கேம், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, மஞ்சள் கேசட் நான்கு. "மக்ளே, இது ஓடுமான்னு பாரு" என்று சித்தி சொல்லி முடிக்கவில்லை, தம்பி ஒரு கேசட்டை எடுத்து வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டான்.

குமரி மாவட்டத்தில் வெளிநாடு போய் வந்தவர் இல்லாத தெரு குறைவு. அதனால் இப்படிப்பட்ட பெட்டிகள் இங்கே இன்னும் பரணிலும் ஆக்கர் (பழைய சாமான்) கடையிலும் கிடக்கின்றன. நான் பார்த்தவரை, பரணில் பல வருஷம் தாக்குப்பிடித்த பொருள், கையில் கிடைத்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பாழாகிறது. ஆசையில் செய்கிற அவசரம்தான் காரணம்.

முதலில் அந்த ஊதல். ஊதினால் ஓடும் என்பது நம் தலைமுறையின் பெரிய நம்பிக்கை. உண்மையில் ஓட வைத்தது ஊதல் இல்லை. கழற்றி மறுபடி சொருகியதுதான். சொருகும் ஒவ்வொரு தடவையும் செட்டுக்குள் இருக்கும் உலோகப் பற்களும் கேசட்டின் தகடுகளும் புதிதாக உரசுகின்றன, ஏதோ ஒரு தடவை சரியாகப் பிடிக்கிறது. ஊதும்போது எச்சில் ஈரம் செம்பில் படிகிறது. ஊதக் கூடாது என்று, இந்த வகை டிவி கேமின் அசலைச் செய்த ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் இது இன்னும் மோசம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், கூடவே உப்புக்காற்று. கேசட்டின் வாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: வரிசையாக நிற்கும் தகடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், கோயில் செம்பில் ஏறுவது போலவே.

அதைச் சுரண்டிவிடத் தோன்றும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி களிம்பு ஏறும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அது தூசியை இழுத்துப் பிசினாக்கும். மொபைல் சர்வீஸ் கடையில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து, நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் புதிது எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே சொருக வேண்டும்.

அப்புறம், கேசட்டைத் திறந்து பார்த்து ஏமாந்துபோவது. உள்ளே பச்சைப் பலகையில் கறுப்பாக ஒரு பசைத்துளி, பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். "சிப்பே இல்லையே, ஏமாற்றிவிட்டான்" என்று அந்தத் துளியைப் பிளேடால் பெயர்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் துளிக்குள்தான் சிப். உறையில்லாத சிப்பைப் பலகையில் நேரடியாக ஒட்டி, மயிரிழைக் கம்பிகளால் இணைத்து, மேலே பசை ஊற்றியிருக்கிறார்கள். பெயர்த்தால் திரும்ப ஒட்ட வழியே இல்லை.

மின்சாரம் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், இங்கேதான் அதிகம் கருகிப்போகிறது. சவூதி வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட்; ஜப்பானில் 100; நமக்கு 230. அங்கிருந்து வந்த அடாப்டரை நம் பிளக்கில் அப்படியே குத்தினால் போச்சு. அடாப்டர் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வேறு அடாப்டர் வாங்கினாலும், வோல்ட் மட்டும் பொருந்தினால் போதாது. 1983இல் வந்த நின்டெண்டோவின் அசல் ஜப்பான் டிவி கேமான ஃபேமிகாமுக்கு ஊசியின் நடுவில் மைனஸ் வர வேண்டும். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் ஒன்று செட்டின் பின்பக்கத்திலும் அடாப்டரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கையடக்க பிரிக் கேம் கிடைத்தால் முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். கசிந்திருந்தால் எது என்று பாருங்கள். ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொடி காரம். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்கலாம். நம் ஊர்ச் சாதாரண பென்சில் பேட்டரி கசிந்தால் அது அமிலம். அதற்கு ஆப்பசோடா கரைத்த நீர். மாற்றிச் செய்தால் பயனில்லை.

சரி, எல்லாம் ஓடுகிறது. அடுத்த தவறு அதைக் குறைத்து மதிப்பிடுவது. "டூப்ளிகேட்தானே" என்று தூக்கிப்போடுகிறார்கள். நம்மில் அநேகர் விளையாடியது அந்த டூப்ளிகேட்டில்தான். நம் விளையாட்டு வரலாறே அது. லேபிளில் 9999999 கேம் என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் சில கேம்களே வேறு வேறு கட்டத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும். அந்த லேபிளைக் கிழிக்காதீர்கள், ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். அதில் 1985இல் வந்த மரியோ இருந்தால் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது, படத்துக்கு அதில் வெறும் 8. அந்தச் சிக்கனத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

கடைசியாகத் துப்பாக்கி. எல்.இ.டி. டிவியில் மாட்டி, வாத்து சுடும் கேமைப் போட்டு வாத்தைச் சுடுவார்கள், ஒன்றும் விழாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று குப்பைக்குப் போகும். துப்பாக்கியில் பழுதில்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு நேரம் கறுக்கும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்குப் பின் வெள்ளையைக் கண் பார்த்தால் வாத்து விழும். பல்பைக் குறிவைத்து ஏமாற்ற முயன்றவர்களுக்கு அது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது: பல்பு கறுப்பதில்லை. எல்.இ.டி. திரை படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது.

அதனால் பழைய குழாய் டிவியை ஆக்கர்காரருக்குப் போடும் முன் யோசியுங்கள். ஆனால் அதன் முதுகை நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆளை வீசியெறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். சித்தி வீட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒன்று துணி மூடிக் கிடந்தது. அன்று சாயங்காலம் அதில் முதல் வாத்தை விழவைத்தது சித்திதான்.