ஏசிசிஏ முடித்து ஊர் திரும்பியபோது

பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் தகுதியான ஏசிசிஏ-வின் 13 தாள்களையும் முடித்துவிட்டுத்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பினேன். நேர்காணலில் முதல் கேள்வியே, "தணிக்கை அறிக்கையில் நீங்க கையெழுத்துப் போடலாமா?" முடியாது, அந்த உரிமையை உள்நாட்டுச் சட்டம்தான் தரும். நான்கு இடத்தில் இதே கதை. மனசு விட்டுப்போச்சு.

பிறகு தணிக்கை வேலைகளை விட்டுவிட்டு, வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பும் கம்பெனிகளைத் தேடினேன். அங்கே ஐஎஃப்ஆர்எஸ் என்ற பன்னாட்டுக் கணக்குத் தரநிலைகள் தெரிந்த ஆள் வேண்டும். ஐந்து வருட வாடகை ஒப்பந்தம் ஒன்றை குத்தகைக்கான தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16-இன்படி எக்செல்லில் போட்டுக் காட்டினேன்: வாடகைத் தவணைகளின் இன்றைய மதிப்பு, ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் கடன். அந்த ஒரு ஷீட்தான் வேலை வாங்கித் தந்தது. உள்ளூர் வரிச் சட்டத்தை மாலையில் படித்துக்கொண்டேன்.

ஏசிசிஏ உறுப்பினராகத் தேவைப்படும் 36 மாத அனுபவப் பதிவுக்கு மேலாளரின் ஒப்புதலை மட்டும் வெளிநாட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எனக்கு அதற்கே இரண்டு மாதம் போனது.