கேன்சர் இல்லை என்றார்கள், சரி. அது எந்த அமிலாய்டு?

மூளையிலோ முதுகுத்தண்டிலோ ஒரு கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: கேன்சரா இல்லையா. பயாப்சியில் ‘அமிலாய்டு’ என்று வந்து, கேன்சர் இல்லை என்று டாக்டர் சொன்னதும் திருச்செந்தூருக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டு, ஃபைலைப் பரணில் போட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் பெத்தாலஜி லேபில் ஸ்லைடு பார்ப்பது என் பிழைப்பு. அந்த இடத்தில்தான் முக்கால்வாசித் தவறுகள் ஆரம்பிக்கின்றன, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாக விஷயம் இதுதான். சரியாக மடங்காத புரதம் நார் நாராகத் திரண்டு, உடம்பால் கரைக்க முடியாமல் திசுக்களுக்கு நடுவே படிந்துபோவதை அமிலாய்டு என்கிறோம். இப்படிப் படியக்கூடிய புரதங்கள் மனித உடம்பில் சுமார் 40 இருக்கின்றன. அது ஒரே இடத்தில் கட்டி மாதிரி குவிந்தால் அமிலாய்டோமா. நரம்பு மண்டலத்தில் இது ரொம்ப அபூர்வம். மூளைக்குள் வருவது பெரும்பாலும், ஆன்டிபாடி செய்கிற பிளாஸ்மா செல்கள் சுரக்கிற லாம்டா லைட் செயின் புரதம். லைட் செயின் என்பது ஆன்டிபாடியின் ஒரு சின்னத் துண்டு; கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. சுரக்கிற செல்களும் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் முதலில் ஞாபகம் வராது. முகத்தின் உணர்வைக் கொண்டுபோகிற நரம்பின் முடிச்சு மண்டையோட்டின் அடியில் இருக்கிறது, அங்கே அமிலாய்டு சேர்ந்தால் ஒரு பக்கத்துக் கன்னமும் தாடையும் மெல்ல மெல்ல மரத்துப்போகும், சிலருக்கு வலியும் சேர்ந்துகொள்ளும். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆச்சி, பீடி சுற்றுகிறவர், வெற்றிலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்றே தெரியவில்லை, மெல்லும்போது உள்கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிப்போச்சு என்றார். அதற்குள் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. மரத்தது மரத்தபடிதான் இருந்தது. சொத்தைப் பல் வலிக்கும், கூசும், சில நேரம் வீங்கும். ஆனால் மாதக்கணக்கில் மரத்துக்கொண்டே போய், மெல்லும் தசை வற்றி நெற்றிப்பொட்டு குழிவிழுந்தால் பல்லை விட்டுவிட்டு நரம்பைப் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐயிலும் ‘ஷ்வானோமா’ (நரம்பு உறையில் வரும் கட்டி) அல்லது ‘மெனிஞ்சியோமா’ (மூளை உறையில் வரும் கட்டி) என்றுதான் ரிப்போர்ட் வரும். எம்ஆர்ஐயில் டி2 என்கிற வகைப் படத்தில் ஷ்வானோமா பொதுவாகப் பளிச்சென்று இருக்கும், அமிலாய்டு பல நேரம் கறுத்துத் தெரியும். மூளைக்குள் இருந்தால், பெரிதாகத் தெரிகிற அளவுக்குச் சுற்றிலும் வீக்கம் இருக்காது, சாதாரண சிடியில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும், கான்ட்ராஸ்ட் கொடுத்தால் மூளைக்குள் நீர் நிற்கிற அறையின் (வென்ட்ரிக்கிள்) சுவரை நோக்கி மெல்லிய இழைகள் ஓடும். இவை துப்புகள் மட்டுமே. ஸ்கேனை வைத்து முடிவு கட்டக்கூடாது.

முதுகெலும்பில் வந்தால் நம் ஊரில் கதை வேறு. எலும்பு அரித்திருக்கிறது, கால் பலவீனமாகிறது என்றால் டிபி என்று நினைப்பது நியாயம்தான், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஊசி வைத்துத் திசு எடுக்கக்கூடிய நிலையில் இருந்தும் எடுக்காமல், டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனையும் செய்யாமல், மாத்திரையை ஆரம்பித்துவிட்டு ‘கேட்குதா பார்ப்போம்’ என்று மாதக்கணக்கில் உட்காருவது தப்பு. மூளையில் தெரிகிற கட்டியை டியூபர்குலோமா (டிபி கட்டி) என்று வைத்துக்கொள்வதும் இதே கதைதான். இன்னொரு சிக்கலும் உண்டு: வருஷக்கணக்கில் அடங்காத டிபியும் தொழுநோயும் தாமே ஏஏ என்ற இன்னொரு வகை அமிலாய்டை உண்டாக்கக்கூடியவை, அது பெரும்பாலும் கிட்னியில் போய்ப் படியும். ஆக, டிபி இருக்கிறது என்பதால் அமிலாய்டு இல்லை என்றாகாது.

பயாப்சிக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு போட்டுவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவலி குறையும், வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அமிலாய்டோமாவுக்குள் சில நேரம் ஒரு லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் கேன்சர்) ஒளிந்திருக்கும், ஸ்டீராய்டு பட்டால் அந்தச் செல்கள் கரைந்துபோய், எங்களிடம் வருகிற துண்டில் வெறும் அமிலாய்டு மட்டும் மிஞ்சும். மூளைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க முடியாது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவசரமில்லாத இடத்தில் ஏன்?

இப்போது என் மேஜைக்கு வருவோம். துண்டு வந்ததும் வழக்கமாக 3, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாதாரணச் சாயம் போட்டுப் பார்ப்போம். அமிலாய்டு அதில் இளஞ்சிவப்பாக, செல்லே இல்லாமல், தழும்பு மாதிரி இருக்கும். ‘ஃபைப்ரஸ் டிஷ்யூ’ என்று எழுதி அனுப்பிவிடுவது ரொம்பச் சுலபம். சந்தேகம் வந்தால் காங்கோ ரெட் என்கிற சிவப்புச் சாயம் போட வேண்டும். அதற்கு 8 முதல் 10 மைக்ரான் கனம் வேண்டும், மெல்லிசாகச் சீவினால் இருப்பதும் தெரியாமல் போய்விடும். 1922-இல் பென்ஹோல்டு இந்தச் சாயத்தை அமிலாய்டுக்குக் கொண்டுவந்தார், 1927-இல் டிவ்ரி போலரைஸ்டு (ஒரே திசையில் அதிர்கிற) வெளிச்சத்தில் அது பச்சையாக மின்னுவதைக் கவனித்தார். இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் பொறுத்து, மைக்ரோஸ்கோப்பில் ஃபில்டரைத் திருப்ப வேண்டும். சற்று முன்பு சிவந்து கிடந்த இடம் வாழைக்குருத்து மாதிரி பச்சையாக எழும்பும். புத்தகத்தில் ஆப்பிள் பச்சை என்றிருக்கும், நம்ம ஊர்க் கண்ணுக்கு இதுதான் தோது. தழும்பில் இருக்கிற கொலாஜன் நாரும் மின்னும், ஆனால் வெள்ளையாக மின்னும். சாயம் அதிகமாகப் பிடித்திருந்தால் அதையே பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிற ஆபத்து இருக்கிறது, அதனால் அமிலாய்டு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ஸ்லைடைக் கூடவே போட்டு ஒப்பிடாமல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக்கூடாது. வெளிச்சமான அறையில், டீ வரும் நேரத்தில், பழைய பல்பை வைத்துக்கொண்டு ‘நெகட்டிவ்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பச்சை தெரிந்ததோடு ரிப்போர்ட்டை முடித்துவிடுவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. லைட் செயின் (ஏஎல்) வகைக்கும், டிரான்ஸ்தைரெட்டின் (கல்லீரல் செய்கிற ஒரு ரத்தப் புரதம்) வகைக்கும், ஏஏ வகைக்கும் காங்கோ ரெட் ஒரே பச்சையைத்தான் காட்டும், மருந்தோ முற்றிலும் வேறு வேறு. ஆன்டிபாடி சாயங்கள் பல நேரம் குழப்பும், சுற்றியிருக்கிற ரத்தப் புரதத்தையும் பிடித்துக்கொண்டு எல்லாமே பாசிட்டிவ் மாதிரி காட்டும். நம்பகமான வழி, அமிலாய்டு இருக்கிற புள்ளியை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (புரதத்தை எடை வைத்து அடையாளம் காணும் முறை) போடுவது. பெரிய சில மையங்களில்தான் அந்த வசதி உண்டு, மெழுகு பிளாக்கை (பயாப்சித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) அனுப்ப வேண்டும், செலவும் ஆகும், நாளும் ஆகும். ஆனாலும் அனுப்புங்கள். ரத்தத்தில் எம்-பேண்ட் (ஒரே வகைப் பிளாஸ்மா செல் கூட்டம் சுரக்கிற புரதத்தின் கோடு) இருக்கிறதே, அப்போ இது ஏஎல்தான் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 100-க்கு 3 பேருக்கு எந்த நோயும் காட்டாமலேயே ரத்தத்தில் அந்த பேண்ட் இருக்கும். கட்டியில் இருப்பது வேறு புரதமாக இருந்தால், கீமோ வீண்தானே.

அடுத்த கேள்வி, இது இங்கே மட்டுமா, உடம்பு முழுக்கவா. சீரம், யூரின் இம்யூனோஃபிக்ஸேஷன் (எம்-பேண்டைத் தேடுவது), ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின், 24 மணி நேர யூரினில் புரதம், எக்கோ, என்டி-புரோபிஎன்பி (இரண்டும் இதயத்துக்கு), வயிற்றுக் கொழுப்பில் ஊசிப் பரிசோதனை, எலும்பு மஜ்ஜை என்று எல்லாம் பார்க்க வேண்டும். கொழுப்புப் பரிசோதனை நெகட்டிவ் வந்தவுடன் நிம்மதியாகிவிடக் கூடாது. அதையும் மஜ்ஜையையும் சேர்த்துப் பார்த்தால்கூட உடம்பு முழுக்கப் பரவிய ஏஎல்லில் சுமார் 85 சதவீதம்தான் பிடிபடும். கிட்னி பலவீனமாக இருந்தால் ஃப்ரீ லைட் செயினில் கப்பா-லாம்டா விகிதம் தானாகவே மாறும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுரைத்துப் போகிற யூரின், தடித்த நாக்கு, எழுந்து நின்றால் தலைசுற்றல், கண்ணைச் சுற்றி ரத்தக்கட்டு இதெல்லாம் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பரவிய ஏஎல்லில் ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 10 குறைந்துபோகலாம், ஆகவே கத்தி வைப்பதற்கு முன் உறைதல் பரிசோதனை கட்டாயம்.

சரி, அங்கே மட்டும்தான் என்று உறுதியானால்? நரம்பை அழுத்துகிற பாகத்தை எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து, கண்காணிப்பதுதான் பெரும்பாலும் வழி. முழுசாக எடுத்தே தீர்வேன் என்று மூளையின் ஆழத்தைக் குடைவதும், காலுக்குப் போகிற சயாட்டிக் நரம்பைக் கட்டியோடு சேர்த்து வெட்டிவிட்டுக் காலை இழுக்க வைப்பதும் வேண்டாத வேலை, ஏனென்றால் மிச்சம் இருந்தாலும் பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். கீமோவும் வழக்கமாகத் தேவையில்லை. பரவிய ஏஎல்லுக்கு டாராட்டுமுமாப் சேர்ந்த கூட்டு மருந்தை அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள், நல்ல மருந்து, ஆனால் அதே கூட்டில் இருக்கிற போர்ட்டெசோமிப் நரம்பையே மரக்கவைக்கக் கூடியது. ஏற்கெனவே நரம்பில் கோளாறு உள்ளவருக்கு, காரணமில்லாமல் அதைக் கொடுப்பானேன்?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒன்று: ‘அமிலாய்டைக் கரைக்கும் மருந்து வந்தாச்சு’. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கனெமாப், அல்சைமரின் பீட்டா அமிலாய்டுக்கானது. லைட் செயின் கட்டிக்கு அது வேலைக்காகாது, மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வேறு வரலாம். அதே பீட்டா அமிலாய்டு மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அழற்சியைக் கிளப்பினால் ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியும். பொடிப் பொடி ரத்தக்கசிவுகளைக் காட்டுகிற எஸ்டபிள்யூஐ படம் எடுக்காமல் அவரை ஆபரேஷனுக்கு அனுப்பிவிடாதீர்கள், பலருக்கு ஸ்டீராய்டிலேயே கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக டயாலிசிஸில் இருக்கிற ஒருவருக்குக் கழுத்து வலித்து, கை மரத்தால் தேய்மானம் என்று பெல்ட் போட்டு அனுப்புவதும் நடக்கிறது. டயாலிசிஸில் சரியாக வெளியேறாத பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் அமிலாய்டாகக் கழுத்து எலும்பில் படிந்து தண்டுவடத்தை அழுத்தலாம். டயாலிசிஸ் கணக்கைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, ஐகிரவுண்டு (பாளையங்கோட்டை) அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ கிளம்புகிறவர்கள் எம்ஆர்ஐ ஃபிலிமையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பையில் வைத்துக்கொண்டு, மெழுகு பிளாக்கை லேபிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே போனதும் இன்னொரு பயாப்சி என்கிறார்கள், திரும்பவும் மண்டையில் துளை. பழைய பிளாக்கிலேயே புரத வகையைக் கண்டுபிடிக்க முடியும், வருஷங்கள் கழிந்திருந்தாலும். எழுதிக் கேட்டால் லேபில் கொடுப்பார்கள். பிளாக் நம்பர் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் இருக்கும். வாங்கும்போது வண்டி பெட்ரோல் டேங்க்கின் மேல் வெயிலில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், மெழுகு உருகிவிடும்.