வீக்எண்ட் ராத்திரி என்ன பார்க்கலாம்?

ரிமோட்டைக் கையில் எடுத்த பிறகு படம் தேட ஆரம்பித்தால், பாதி ராத்திரி தேடுவதிலேயே போய்விடும். வாரநாளில் யாராவது ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அப்போதே போனில் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பைத் திறந்து ‘மை லிஸ்ட்’டில் போட்டுவிடுங்கள். அதே ப்ரொஃபைல் என்றால் டிவியிலும் அது வந்து நிற்கும். சனிக்கிழமை அந்த லிஸ்ட்டை மட்டும் திறந்தால் போதும், முகப்புப் பக்கம் எட்டிப்பார்க்கவே வேண்டாம்.

கதைச்சுருக்கத்துக்கு முன்னால், படம் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒன்பதரைக்கு உட்கார்ந்து இரண்டே முக்கால் மணி நேரப் படத்தைப் போட்டால் முடியப் பன்னிரண்டேகால். கிளைமாக்ஸின்போது பாதிப் பேர் சோபாவிலேயே குறட்டை விடுவார்கள்.

எல்லாருக்கும் பிடித்த படம் என்று ஒன்றைத் தேடாதீர்கள் (அப்படி ஒன்று கிடையவே கிடையாது). ஒருவர் மூன்று பெயர் சொல்லட்டும், இன்னொருவர் அதில் ஒன்றை எடுக்கட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

நெட்ஃபிளிக்ஸில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது முன்னோட்டம் தானாக ஓடுவது தொல்லையாக இருந்தால், 2020 முதல் அதை நிறுத்தும் வசதி உண்டு. ப்ரௌசரில் உள்ளே போய், ப்ரொஃபைல் செட்டிங்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த எபிசோடு தானாகத் தொடங்குவதற்கான டிக்கும் அங்கேயேதான் இருக்கிறது.