ரயில் அஞ்சலட்டை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ரயில் அஞ்சலட்டையைக் கண்டதும் எஞ்சின் அழகில் மயங்கிவிடாமல், முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போட்டிருந்தால் 1902-க்கு முந்தியதாக இருக்காது. அந்த ஆண்டில்தான் முகவரிப் பக்கத்திலேயே சேதியும் எழுத அங்கே அனுமதி கிடைத்தது. அதுவரை படத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கித்தான் எழுதினார்கள். (அந்தக் கிறுக்கல்களே தனி அழகு!)

அடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள நிலக்கரிப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். என்ற ரயில் கம்பெனிப் பெயர்கள் என்றால் 1923 அல்லது அதற்குப் பின். ஏகப்பட்ட கம்பெனிகளை நான்காகச் சேர்த்தது அப்போதுதான். 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்றிருந்தால் 1948 அல்லது அதற்குப் பின். ஜி.டபிள்யூ.ஆர். (கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே) மட்டும் காலை வாரும். இணைப்புக்கு முன்னும் பின்னும் அதே பெயர்தான். தபால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது அனுப்பிய தேதி, அச்சிட்ட தேதி அல்ல.

'அசல் புகைப்பட அட்டை' என்று விலை ஏற்றினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புகையில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. நான் ஒருமுறை லென்ஸை வீட்டில் மறந்துவிட்டுப் போய் ஏமாந்தேன்.

வாங்கியதைப் பி.வி.சி. உறையில் வைக்க வேண்டாம், நாளடைவில் அட்டையைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும்.